எனக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பு

போன வருடம் ஆடி மாதத்தில், செஞ்சி கடைத்தெருவில் என் கணவர் வைத்திருக்கும் செல்போன் கடையில் நடந்தது இது.

அதற்கு முந்தைய வருடம் எனக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்தது. டாக்டர் ஓய்வில் இருக்கச் சொன்னதால் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்துதான் ஒரு வலைத்தளம் ஆரம்பித்தேன். ஏதாவது ஒரு வகைப் பொருட்களைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும். படிப்பவர்கள் அதிலுள்ள இணைப்பு வழியாக வாங்கினால் ஆன்லைன் கடைக்காரர்கள் கமிஷன் தருவார்கள். எந்தப் பொருளை எடுப்பது என்பதில்தான் சிக்கல். மிக்ஸி, புடவை, செல்போன் என்று எதைத் தொட்டாலும் ஏற்கெனவே ஊர்ப்பட்ட பேர் எழுதியிருந்தார்கள்.

"மத்தவங்கள பாத்து எடுக்காத. உனக்கு இன்னா நல்லா தெரியுமோ அத எடு" என்றார் கணவர்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது குழந்தைப் பொருட்கள். எங்கள் வீட்டில் பிரசவத்துக்கு முன்னால் குழந்தைக்கென்று ஒரு துண்டுத் துணிகூட வாங்க மாட்டார்கள், ஆகாது என்பார்கள். வாங்கத்தானே கூடாது, படிக்கலாமே என்று இரண்டு முறையும் வயிற்றைத் தடவிக்கொண்டே பால் பாட்டில், கொசுவலை, தொட்டில் என்று படித்துத் தள்ளியிருந்தேன். எந்தத் துணி உறுத்தாது, எந்தப் பாட்டில் எந்த வயதுக்கு என்பதெல்லாம் அத்துப்படி. சொன்னதும் கணவரின் முகம் வாடிவிட்டது. "வேணாம்மா, வேற பாக்கலாம்" என்றார். நான் பிடிவாதக்காரி, கேட்கவில்லை.

தளம் பிழைத்துக்கொண்டது. அடியில் கடை முகவரி போட்டிருந்தோம். அதைப் பார்த்து, அவலூர்பேட்டையிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"நீங்க எழுதுனத படிச்சித்தாங்க்கா எல்லாம் வாங்குனேன். பெத்து வளக்குறவங்களாலதான் இப்டி எழுத முடியும். உங்க பாப்பா எங்கக்கா?"

"வீட்ல தூங்குது" என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த கணவரின் கை அப்படியே நின்றது.

"கொஞ்சம் புடிங்கக்கா. உங்க பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கியாந்தேன்" என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையைத் துழாவி, சின்னக் கருப்பு வளையல்கள் இரண்டை எடுத்தாள். கழுத்து நிற்காத குழந்தையை எப்படித் தூக்குவது என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எந்தக் கையை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் வாங்கினேன். குழந்தையின் தலை சரிந்தது. அவள்தான் சட்டென்று தாங்கிப் பிடித்தாள்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வளையல்களைச் சத்தமில்லாமல் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "வரேங்க்கா" என்று கிளம்பிவிட்டாள். கணவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். நான் அழுது முடித்த பிறகுதான் அதை மறுபடி ஏற்றினார்.

அப்புறம் மிக்ஸி பற்றி எழுதிப் பார்த்தேன், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இனிக் குழந்தைக்கு முயற்சி செய்ய வேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவலூர்பேட்டைக்காரியின் குழந்தைக்கு இப்போது பல் முளைத்திருக்கும். பல் முளைக்கும் குழந்தைகள் கடிக்கிற வளையங்களைப் பற்றி நேற்றுதான் எழுதி முடித்தேன்.

அவலூர்பேட்டையில் பஸ் ஏறியதிலிருந்து எங்கள் கடை வாசல் வரைக்கும், எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்று ஒருத்தி நம்பிக்கொண்டு வந்தாளே, அதை இழக்க மனசு வராமல்தான் இந்தத் தலைப்பை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன்.