சித்தி மைதானத்துக்கு வராத சீசன்

என் சித்தி நான்கு ஆட்டம் பார்த்தாள்; அதன் பிறகு எந்த மைதானத்துக்கும் போகவில்லை. காரணம் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சித்தப்பா செங்கல்பட்டில் ஒரு மில்லின் கால்பந்து அணிக்கு கோல்கீப்பர். ஆடுவதற்கே சம்பளம். ஆனால் மூன்று வருடமாக அந்த அணிக்குத் தோல்விதான். "யோவ் கீப்பரு, பந்து உள்ள பூட்டப்புறம் இன்னாத்துக்கு வுழுற? தூக்கம் வருதா?" என்று கத்துவதற்காகவே சிலர் ஆட்டம் பார்க்க வருவார்கள். இந்த சீசனும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள். சித்தப்பாவுக்கு வேறு வேலை தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. சித்தி கோவளத்துக்காரி. கடற்கரையில் அண்ணன்மாரோடு பந்து உதைத்து வளர்ந்தவள். எங்கள் வீட்டுப் பெண்களில் ஆட்டம் பார்க்க வந்தவள் அவள் ஒருத்திதான். என் கையைப் பிடித்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொண்டை கட்டும்வரை கத்துவாள்.

அவள் வந்த நான்கு ஆட்டமும் தோல்வி. நான்காவது முடிந்த மாலை, ஆட்டக்காரர்கள் எங்கள் வீட்டில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அவள் காப்பி கொண்டுவந்தபோது நான் சொன்னேன்: "சித்தி வந்ததுலேர்ந்து தோத்துக்கினே கீறோம்."

அதற்கு முந்தைய மூன்று வருடத் தோல்வி அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. "பையன் சொல்றதும் கரீட்டாத்தான் கீது" என்றார் ஒருவர். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டத்துக்குச் சித்தி கிளம்பவில்லை.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் காலை இட்லி வைத்துக்கொண்டே அவள் சித்தப்பாவிடம் பேசியது என் காதிலும் விழுந்தது.

"உங்க கிரவுண்டு பூரா ஜல்லி. அடிபடும்னு பயந்துகினு லேட்டா வுழுறீங்க. எங்கூரு மணல்ல வந்து வுழுந்து பழகுங்க. எங்க அண்ணனுங்க பந்து உதைப்பானுங்க."

சித்தப்பா போனார். சில வாரங்களில் அணி முழுவதும் ஞாயிறுதோறும் கோவளத்துக்கு பஸ் ஏறியது. மணலில் ஓடிப் பழகிய கால்களுக்கு மைதானம் லேசாக இருந்தது. சித்தப்பா பயமில்லாமல் பாய்ந்தார். முதலில் ஒரு டிரா, பிறகு ஒரு வெற்றி, பிறகு வரிசையாக வெற்றி. சீசன் முடிந்தபோது கோப்பை எங்களுடையது. அணி பிழைத்தது; ஓய்வு பெறும்வரை சித்தப்பா அந்த மில்லில்தான் இருந்தார்.

கோப்பை வந்த அன்று வீட்டில் கேசரி. ஆட்டக்காரர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "ராசிய எப்டி கண்டுபுடிச்சான் பாத்தியா, வாத்தியாரு!" ராசி பார்க்கத் தெரிந்தவன் என்று நானும் என்னை நம்பிவிட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு சித்தி என்னிடம் கேட்டாள்: "கடைசியா பந்து வந்துச்சாமே, சித்தப்பா எந்தப் பக்கம் பாஞ்சாரு?"

வலப்பக்கம் பாய்ந்து தரையில் விழுந்து காட்டினேன். அவள் சிரித்தாள்.

"கை எட்டுச்சா, விரல் நுனியா?"

"விரல் நுனி."

"இன்னொரு வாட்டி காட்டுடா."

ஐந்தாறு முறை விழுந்து காட்டினேன். என் நடிப்பு அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.