ரெண்டு பேரும் சேர்ந்து போடுவோம் என்றாள்

என் ஐம்பத்து நான்காவது வயதில், புடவை ஸ்கூட்டியின் பின்சக்கரத்தில் மாட்டிக் கீழே விழுந்தேன். வேங்கிக்கால் ஏரிக்கரைப் பக்கம், அலுவலகத்துக்குப் போகிற அவசரம். முந்தானையைச் செருக மறந்திருந்தேன். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. பின்னால் வந்த லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வந்தார். சக்கரத்தில் சுற்றியிருந்த துணியை மெல்ல உருவிக் கொடுத்துவிட்டு, "இதக் கட்டிக்கினு வண்டி ஓட்டாதீங்கம்மா" என்றார்.

அலுவலகத்தில் எனக்கு மருந்து போட்டவள் என் தோழி. அவளுக்கும் என் வயதுதான். ஒரே பிரிவில் அடுத்தடுத்த மேசைகளில் பல வருஷமாக உட்கார்ந்திருந்தோம். என் மகன் கல்யாணத்தில் வீட்டு ஆளாக நின்று வேலை பார்த்தவள் அவள். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கூடப் படுத்திருந்தவள் நான்.

"பேசாம சுடிதார் போட்டுக்கலாம்பா" என்றாள், பஞ்சை அழுத்திக்கொண்டே.

"இந்த வயசுலயா? சிரிப்பாங்க."

"நீ ஒருத்தி போட்டா சிரிப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போடுவோம். அப்ப யாரப் பாத்து சிரிப்பாங்க?"

எங்கள் அலுவலகத்தில் சின்ன வயதுப் பெண்கள் எல்லாரும் சுடிதார்தான். கொஞ்சம் வயதானவர்கள் புடவை. அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை தேரடி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். துணி எடுத்துப் போட்ட பெண், "பொண்ணுக்காம்மா? எந்த காலேஜ் படிக்குது?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தோழி சத்தமாகச் சொன்னாள்: "எங்களுக்குத்தாம்மா. ஏன், நாங்க போடக்கூடாதா?" அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். எனக்கு அப்போது என் தோழியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எனக்குச் சாம்பல் நீலத்தில் ஒன்றும் பழுப்பில் ஒன்றும் அவள்தான் எடுத்தாள். தனக்கு அரக்கு. தையல்காரரிடம் முழங்காலுக்குக் கீழே இறக்கம், முக்கால் கை என்று இருவருக்கும் சேர்த்து அளவு சொன்னதும் அவள்தான். துணி தைத்து வந்ததும், வருகிற திங்கட்கிழமை போடுவது என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவளுக்குப் போன் செய்தேன். "நாளைக்கு மறந்துடாத" என்றேன். "நான் மறப்பேனா?" என்றாள்.

திங்கட்கிழமை காலை கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். துப்பட்டாவை எப்படிப் போட்டாலும் அது என்னுடையதாகத் தெரியவில்லை. என் கணவர் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "உனக்கு வசதியா இருந்தா சரி" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த வசதி புரிந்தது. எங்கேயும் எதையும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. ஏரிக்காற்று சுகமாக இருந்தது.

நான் அலுவலகத்துக்குப் போனபோது அவள் இன்னும் வந்திருக்கவில்லை. சின்னப் பெண்கள் இருவர், "சூப்பர் மேடம்" என்றார்கள். எதிர் வரிசையில் இருக்கும் மூத்த ஊழியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இன்னா மேடம், காலேஜ்ல சேர்ந்துட்டீங்களா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இதோ வந்துவிடுவாள், இந்த ஆளுக்குப் பதில் சொல்ல அவளால்தான் முடியும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தாள். பச்சைப் புடவை, தலையில் பூ.

"ஐயையோ, நெஜமாவே போட்டுக்கினு வந்துட்டியா?" என்றாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு அந்த மூத்தவர் பக்கம் திரும்பி, "நான் எவ்ளோ சொன்னேன் சார், கேக்கல. வயசுக்கு ஏத்த மாதிரிதான போடணும்?" என்றாள்.

முதல் தடவை சிரித்தவர்களைவிட இப்போது ஜாஸ்தி பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அது திறக்கும்வரை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் எதுவுமே நடக்காதது போல டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். கத்திரிக்காய்க் காரக்குழம்பை என் மூடியில் ஊற்றினாள். நான் கை வைக்கவில்லை.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எங்க வூட்டுக்காரரு ஒத்துக்கலபா. இந்த வயசுல கேக்குதான்னு கத்துனாரு."

"எப்ப?"

தன் டிபன் பாக்ஸைக் கிளறினாள். "வெள்ளிக்கிழமை" என்றாள்.

"நான் ஞாயித்துக்கிழமை போன் பண்ணனே. சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீயும் போட்டிருக்க மாட்ட" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாராவது ஒருத்தர் போட்டாத்தான ஆபீஸ்ல இன்னா சொல்றாங்கன்னு தெரியும். அத வச்சு அவர்கிட்ட பேசிப் பாக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

என் காலை விட்டு ஆழம் பார்த்திருக்கிறாள். அதைக்கூட மன்னித்திருப்பேன். வீட்டில் அவள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள் முன்னால் அவள் பேசாமல் உட்கார்ந்திருக்கலாமே. நான் எவ்வளவோ சொன்னேன் என்று எதற்குச் சொன்னாள்? டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் பீரோவைத் திறந்து புடவை ஒன்றை எடுத்தேன். பிறகு அதை அப்படியே வைத்துவிட்டுப் பழுப்புச் சுடிதாரைப் போட்டேன். அது தைரியம் இல்லை, கோபம். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குள் மூத்தவர் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் இன்னொரு அம்மா, என்னைவிட மூத்தவர், ஒரு நாள் சுடிதாரில் வந்து இறங்கினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் தோழியும் போட்டுக்கொண்டு வந்தாள். அரக்கு நிறம் அவளுக்கு நன்றாக இருந்தது. நேராக என் மேசைக்கு வந்து, "எப்படிபா இருக்கு? நம்ம கனவு நெறவேறிடுச்சு பாத்தியா?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன். பொய் சொல்லவில்லை. "நம்ம" என்று அவள் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இப்போதும் பேசிக்கொள்கிறோம். ஃபைல் கேட்டால் தருகிறேன், அவள் பேரன் காதுகுத்துக்குப் போய் மொய் வைத்தேன். சாப்பாடு மட்டும் கீழ்பென்னாத்தூர் அம்மாவோடு. போன வாரம் என் கணவர், "உன் ஃப்ரெண்டு ஏன் வீட்டுப் பக்கமே வர்றதில்ல?" என்று கேட்டார். முதல் தடவையாக முழுவதும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு டிரெஸ்ஸுக்காகவா?" என்றார்.

டிரெஸ்ஸுக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.