பாரை மீனை வெயிலில் வைத்தவர்

போர் முடிந்து சனம் ஊர்களில் மீள்குடியேறிச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம். மன்னாரில் தொழில்நுட்பம் படித்துக்கொண்டு பள்ளிமுனையில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். என் அறைத்தோழி புத்தளத்திலிருந்து குடும்பத்தோடு முசலிக்குத் திரும்பி வந்தவள். நானோ நறுவிலிக்குளத்து வயற்காரர் வீட்டுப் பிள்ளை. இருவரும் சேர்ந்து ஒரு றோபோ செய்தோம். நான் சொல்லும் நாளுக்கு மறுநாள் விடிய கொழும்பு பஸ்ஸில் அதைப் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதன் சில்லுகளைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள் இருந்தன. அதனால் நண்டு மாதிரிப் பக்கவாட்டிலும் போகும். ஆனால் எங்கள் பிளாஸ்டிக் உருளைகள் தரையில் சறுக்கின. மென்மையான றப்பரில் வார்த்தால்தான் சரிவரும். அதற்கான அச்சை யாழ்ப்பாணத்தில் ஒரு முப்பரிமாண பிரிண்டரில் அடித்து எடுப்பித்திருந்தோம். திரவ றப்பர் இரண்டு தடவை வார்க்கும் அளவுக்குத்தான் இருந்தது.

உச்சி வெயில். கடல் அசையாமல் கிடந்தது. தூரத்துப் படகுகள் தண்ணீரிலா ஆகாயத்திலா நிற்கின்றன என்று தெரியவில்லை. அந்த மயக்கத்திலேயே றப்பரைக் கலக்கினேன். எங்கள் வீட்டில் வயலுக்கு மருந்து கலக்கும்போது, எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு மூடி கூட விடுவார்கள். அதே கைப்பழக்கத்தில் இறுக வைக்கும் திரவத்தைக் கூட விட்டுவிட்டேன். அச்சில் ஊற்றுமுன்பே கோப்பைக்குள் கட்டியாகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தோழி ஏசவில்லை. போத்தலில் இருந்த குறிப்பை வாசித்தாள். "வெக்கைக்கும் கெதியா இறுகுமாம். குளிர வைச்சுக் கலக்கோணும்."

வீட்டில் பிரிஜ் இல்லை. தெருமுனையில் முன்பின் தெரியாத மீன்காரர் ஒருவர் சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு நின்றார். உள்ளே நாலைந்து பாரை மீன், அடியில் கொஞ்சம் ஐஸ்.

"அண்ணை, இந்தப் போத்தலுகளைக் கொஞ்ச நேரம் ஐசுக்குள்ள வைக்கலாமோ?" என்றேன். "றோபோ சில்லுக்கு றப்பர். நாளைக்கு விடிய பஸ்."

"மீனோட சேத்து வைக்கேலாது பிள்ளை," என்றவர், மீன்களை எடுத்து நனைந்த சாக்கில் அடுக்கினார்.

"ஐயோ, மீன் பழுதாப் போயிடும் அண்ணை."

"மீன் நாளைக்கும் வலையில படும். பஸ் நிக்குமே?"

அரை மணித்தியாலம் கனவில் நிற்பது போல நின்றோம். பிறகு அவருடைய கரியரில் வைத்தே அவள் அளந்தாள், நான் கலக்கினேன். றப்பர் தேன் மாதிரி மெல்ல அச்சுக்குள் இறங்கியது. குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. அவரும் குனிந்து பார்த்தார். அப்போது மீன் வாங்க வந்த ஓர் அம்மா, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார். மீன்காரர் மறுபடி அச்சைக் குனிந்து பார்த்தார்.

கொழும்பில் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் றோபோ சறுக்காமல் ஓடியது. திரும்பி வந்து அவரைப் பல நாள் தேடினேன், காணவில்லை. இன்று யாருக்காவது உதவிவிட்டு எனக்குப் பெருமை வரும்போது, கொடுத்தது என்னிடம் மிஞ்சிக் கிடந்ததா, அவருடைய மீனைப்போல விற்க வைத்திருந்ததா என்று யோசிப்பேன். அநேகமாக மிஞ்சியதாகத்தான் இருக்கும்.