கம்பளி நூல் மாலையில் ஒரு பச்சைத் துணி

மார்ச் 9, ஞாயிறு. துணி துவைத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பத்து மணிக்கு அம்பாங்கானில் உள்ள தையல் கடைக்குப் போய், தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கினேன். தையற்காரம்மாவின் மகள் மிச்சக் கம்பளி நூலிலும் துண்டுத் துணியிலும் கோத்த மாலை போட்டிருந்தாள். அதில் ஓர் உருண்டை என் ரவிக்கையின் அதே பச்சை. என் துணியில் வெட்டியதோ?

எனக்கு எட்டு வயதில் அப்படியொரு மாலை இருந்தது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து எஸ்டேட் பெண்களுக்குத் துணி தைப்பார். ஒருநாள், தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மனைவி என் மாலையைப் பிடித்து இழுத்தார்.

“இது என் ரவிக்கத் துணியாச்சே! மிச்சமே இல்லன்னு சொன்னியே?”

“சம்பளத்தன்னிக்கு ஜவுளிக்காரரு ஒரே கட்டுதானே கொண்டாந்தாரு, அக்கா. லயத்து வீடுகள்ல பாதிப் பேருக்கு இதே பூப்போட்ட துணிதான் லா. இது என் பழைய ரவிக்கையில வெட்டினது.”

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க.”

அம்மா தன் கிழிந்த ரவிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார். மண்டோரின் மனைவி திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அம்மாவிடம் தைக்கக் கொடுக்கவில்லை. தையல் மிசினை அம்மா விற்றுவிட்டார்.

தையற்காரம்மாவிடம் கூலியைக் கொடுத்துவிட்டுக் கடையிலிருந்து கிளம்பினேன். சந்தேகம் மட்டும் வீடுவரை கூடவே வந்தது.

மார்ச் 10, திங்கள். காலை முதல் வேலையாக, அடுத்த ரவிக்கைத் துணியை அதே தையற்காரம்மாவிடம் கொடுத்தேன். வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனேன்.