ஆறு மணி மிஸ்டு கால்

நான் ஒரு முட்டாள். இதை ஒப்புக்கொள்ளத் தனியாகக் காகிதம் எதற்கு, ஆரணியில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். பட்டுப்புடவைக் கரையில் பூ விழத் தறிக்கு டிசைன் அட்டையில் ஓட்டை குத்துவது என் தொழில். ஒருமுறை சும்மா வேடிக்கைக்கு ஓர் அன்னத்தைத் தலைகீழாகக் குத்திக் கொடுத்தேன். முள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர் இரண்டு முழம் நெய்த பிறகே அது சிரசாசனம் செய்வதைக் கவனித்தார். ஒரு மாதம் நான் அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறவில்லை.

அந்த முட்டாள்தனம் சிரித்தால் தீர்ந்துவிடும். இப்போது சொல்லப்போவது தீராது.

என் நண்பன் சேகர் காணாமல் போனான். அவன் காணாமல் போகவில்லை என்று அவன் அப்பாவை நூற்றுப் பத்து நாள் நம்பவைத்தவன் நான். தினமும், மாலை ஆறு மணிக்கு, ஒரே ஒரு கட்டைவிரலால்!

எப்படி என்கிறீர்களா? மிஸ்டு கால்.

செல்போன் எங்கள் ஊருக்கு வந்த புதிதில் யார் பேசினார்கள்? எல்லோரும் அடித்துவிட்டு, எடுப்பதற்குள் வைத்தார்கள். ஒரு ரிங் என்றால் புறப்பட்டுவிட்டேன். இரண்டு என்றால் உலை வை. ஊரே இப்படி வாயைத் திறக்காமல் குடும்பம் நடத்திய காலம் அது.

சேகரின் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருடம் பட்டு நூல் முறுக்கும் மிஷின்களுக்கு நடுவே நின்றவர். அந்த இரைச்சல் அவர் காதுகளை முழுசாகத் தின்றுவிட்டது. பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அவருக்குச் சேகர் ஒரு பழைய செல்போன் வாங்கிக் கொடுத்தான். பேசுவதற்கு அல்ல... துடிப்பதற்கு. சட்டைப்பையில், நெஞ்சுக்கு மேல், தினமும் ஆறு மணிக்கு அது ஒருமுறை துடிக்க வேண்டும். துடித்தால் மகன் நலம்.

துடிக்காவிட்டால்? ஒருநாள் சேகரின் போனில் சார்ஜ் இல்லை. ஆறரைக்கெல்லாம் நைனா சினிமாக் கொட்டகைக்குள் புகுந்து, படத்தை நிறுத்தி, விளக்கைப் போடவைத்துவிட்டார். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு எழுந்து நின்றான். கொட்டகையே சிரித்தது. அதிகம் சிரித்தவன் பக்கத்து சீட்டில் இருந்த நான்.

அவன் சிரிக்கவில்லை. அதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்...

ஆடி பிறந்த சமயம். தறியில் வேலை குறைவு. பெங்களூர் பக்கம் பட்டு வேலை என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, ஒரு பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான். உண்மையில் எங்கே போகிறான் என்று எனக்கும் தெரியாது. காட்பாடிக்குப் போய், வருகிற ரயிலில் ஏறுவானாம்.

“பத்து நாள்டா பாபு. நான் எங்க கீறேன்னு யாருக்கும் தெரியாத பத்து நாள். அது போதும் எனக்கு.”

இதில் என்ன சுகம் என்று கேட்டேன். பொறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லையே என்றான். அப்புறம் தன் செல்போனை என் கையில் வைத்தான்.

“ஆறு மணிக்கு ஒரு ரிங் உடு. எங்க நைனாவுக்கு நான்னா அவ்ளோதான்.”

நான் கோமாளி அல்லவா! அந்த வாக்கியம் என்னைச் சுட்டது. சூட்டை மறைக்க அவன் முதுகில் ஓங்கித் தட்டினேன். அவன் கையிலிருந்த டீ முழுவதும் அவன் சட்டையில் கொட்டியது. வேறு வழியில்லாமல் என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். காப்பிப்பொடி நிறக் கட்டம். நடு பட்டன் மட்டும் பச்சை, என் மனைவி கையில் கிடைத்ததைத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் பனியனோடு வீட்டுக்கு நடந்தேன்.

அவனை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

முதல் நாள் ஆறு மணிக்கு அடித்தேன், ஒரு ரிங். மறுநாள் நைனா என்னைத் தெருவில் மடக்கி, மகனிடமிருந்து ரிங் வந்த கதையைச் சொன்னார். காது கேளாதவர்களுக்கே உரிய சத்தத்தில்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாம் நாள் வேண்டுமென்றே இரண்டு ரிங் விட்டேன். ‘இன்னிக்கு அவனுக்கு மனசு நல்லாக் கீது’ என்று அதற்கு அவர் பொருள் கண்டுபிடித்தார். மூன்று விட்டேன், பையன் பிரியாணி தின்றிருக்கிறான் என்றார். நான் ஓட்டை குத்தினேன், அவர் பூ நெய்துகொண்டார். எனக்குப் பொழுது எவ்வளவு இன்பமாகப் போனது, தெரியுமா? மாலை ஐந்தரை ஆனாலே விரல் பரபரக்கும்.

பத்து நாள் முடிந்தது. சேகர் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் ஊர் சுற்றட்டும் என்று நினைத்தேன். இருபது ஆனது. ஒரு கடிதம் போடக் கூடாதா இந்தப் பயல் என்று திட்டினேன். முப்பது ஆனபோது திட்டு நின்றுவிட்டது.

அன்றே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், முந்தைய முப்பது நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே! சொல்வதைவிட ரிங் விடுவது சுலபம். நாற்பதாம் நாள் இன்னும் சுலபம். அறுபதாம் நாள்... அது பல் துலக்குவதுபோல் ஆகிவிட்டது. அவன் போனுக்கு ரீசார்ஜ்கூடச் செய்தேன். எதற்காக? நைனா கலங்கக் கூடாது என்றா? இல்லை, நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றா? இவ்வளவு வருடம் கழித்தும் நேர்மையாகப் பதில் சொல்ல வரவில்லை.

சேகரின் தங்கை கமலா பெரணமல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணனைப் பார்த்து மூன்று மாதமாயிற்று என்று புறப்பட்டு வந்தாள். புகார் கொடுக்கலாம் என்றாள். தினமும் பேசுகிறவனுக்கு எதற்குப் புகார் என்று நைனா அவளை விரட்டினார். அவருக்கு அது பேச்சுதான். அவள் என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“பாபு அண்ணே, உங்களைத்தான் நம்பிகினு கீறேன். எங்கண்ணன் நல்லா கீறாரா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தெனம் ரிங் வருதேம்மா.”

பாருங்கள், ஒரு சொல்கூடப் பொய் இல்லை! அவள் முகம் தெளிந்தது. திரும்பிப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. களம்பூரில் மச்சான் வீட்டுக் காதுகுத்து. கறிச்சோறு, அரட்டை... ஆறு மணியை மறந்துவிட்டேன். ஏழே காலுக்குத்தான் நினைவு வந்தது. பஸ் பிடித்து ஓடி வந்தேன். எந்தக் கொட்டகையில் விளக்கைப் போட்டிருக்கிறாரோ, எந்தத் தெருவில் மாரடித்துக்கொண்டு நிற்கிறாரோ என்று.

நைனா வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கரெக்டா ஆறு மணி என்றார்.

கிழவருக்குப் பிரமை என்று நினைத்தேன். நூறு நாள் ஒரே நேரத்தில் துடித்த இடம், நூற்றோராம் நாள் தானாகவே துடித்திருக்கும். அப்படித்தானே? நீங்களும் அதைத்தானே சொல்வீர்கள்?

நூற்றுப் பத்தாம் நாள் ரிங் விட்டேன். மறுநாள் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஐந்தே முக்காலுக்கு நைனா வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். சேகரின் போனிலிருந்து பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். போன் என் பையில் செத்துக் கிடந்தது. எதிரே நைனா வாசலில் நின்று போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி முடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடை ரேடியோவில் மணி ஆறு சொன்னார்கள்.

நைனா நெஞ்சைத் தொட்டார். போனை எடுத்து, கையை எட்ட நீட்டிப் பார்த்தார். சிரித்தார்.

அப்புறம் தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். போனை என் முகத்துக்கு எதிரே நீட்டினார். நீயே பார் என்பதுபோல.

நான் பார்க்கவில்லை.

நூறு முறை இதைத் திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன். அந்தச் சின்னப் பச்சைத் திரையில் ஒன்றும் இல்லாதிருந்தால், கிழவருக்குப் பிரமை, அத்தோடு போயிற்று. புது நம்பர் ஒன்று இருந்திருந்தால், சேகர் எங்கோ உயிரோடு இருக்கிறான். திருப்பி அடித்தால் பேசுவான்! ஆனால் அவன் சொந்த நம்பரே இருந்திருந்தால்? அதன் பேட்டரி என் கைக்குள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்ததே...

அந்த மூன்றாவதற்குப் பயந்து இரண்டாவதையும் இழந்தேன். டீக்கிளாசைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். நைனா திருப்தியாகத் திரும்பிப் போனார்.

அன்றோடு நிறுத்திவிட்டேன். சேகரின் போனைத் துணியில் சுற்றிப் பழைய அட்டைக் கட்டுகளுக்கு அடியில் புதைத்தேன். நைனாவுக்கு மட்டும் அது நிற்கவில்லை. தினமும் ஆறு மணிக்கு நெஞ்சைத் தொட்டார், தினமும் சிரித்தார்.

தீபாவளிக்கும் அண்ணன் வரவில்லை என்றதும் கமலா அப்பாவைக் கேட்காமலே போய்ப் போலீசில் புகார் கொடுத்தாள். விசாரித்தார்கள். சேகரின் நம்பரிலிருந்து போன மாதம்வரை கால் போயிருக்கிறது; அதுவும் இந்த ஊருக்குள்ளிருந்தே போயிருக்கிறது என்று தெரிந்தது. பிறகென்ன? வயசு வந்த ஆள், ஊருக்குள்ளேயே எங்கோ கோபித்துக்கொண்டு இருக்கிறான், தானாக வருவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காட்பாடியில் யாரும் கேட்கவில்லை. ரயில் போன ஊர்களில் எந்த ஆஸ்பத்திரியிலும், எந்தத் தண்டவாளத்து ஓரத்திலும் யாரும் தேடவில்லை.

தேடவிடாமல் செய்தவன் யார்? என் கட்டைவிரலை நீங்கள் பார்க்க வேண்டும். சாதாரண விரல்தான்.

அப்புறம் ஊர் அவனைப் பார்க்கத் தொடங்கியது! ஊருக்குள்தான் இருக்கிறான் என்று செய்தி பரவினால் போதாதா? கோட்டை மைதானத்து ஓரம் நின்றான் என்றார் ஒருவர். கொட்டகையில் விளக்கு அணைந்த பிறகு வந்து, விளக்கு போடும் முன் எழுந்து போனான் என்றார் இன்னொருவர். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். எல்லாம் வெறும் பேச்சு என்று நானே முன்னால் நின்று கிண்டல் செய்தேன்.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மா சொன்னதுவரை. பட்டப்பகலில், கமண்டல நதி மணலில் நடந்து போனானாம். என்ன சட்டை என்று யாரோ கேட்டார்கள்.

“கட்டம் போட்ட சட்டை. நடு பட்டன் மட்டும் பச்சையா இருந்திச்சு.”

என் வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டேன். அந்தச் சட்டை நான் போட்டிருந்தபோது அவள் பார்த்திருக்கலாம்... பழைய ஞாபகத்தைப் புதிதென்று குழப்பியிருக்கலாம்... இருக்கலாம், இருக்கலாம் என்றே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

சேகர் இன்றுவரை வரவில்லை. நைனாவும் போய்விட்டார். கமலா இருக்கிறாள், எங்கே பார்த்தாலும் அண்ணே என்று நின்று நலம் விசாரிக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இதை அவள் படிக்கக்கூடும். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன் என்று சொல்ல ஆசை. ஆனால் படிக்காமல் இருந்துவிட்டால் நல்லது என்றும் உள்ளே ஒருவன் முணுமுணுக்கிறான்.

நைனாவிடம் மட்டும் சொன்னேன். பூக்கார அம்மா பேச்சைக் கேட்ட மறுநாள். காலை பதினொரு மணி, நல்ல வெயில். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போன் கனத்தில் தொங்கிப்போன சட்டைப்பையை ஊசி நூலால் தைத்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுச் சொல்லும் சங்கதியா இது? ஒரு நோட்டுத்தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ‘சேகர் போன் என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை நாள் ரிங் விட்டது நான்தான். ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். சேகர் எங்கே என்று எனக்குத் தெரியாது. மன்னியுங்கள்.’ கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது.

அவர் விரலை வரிக்குக் கீழே நகர்த்தி, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அழுவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. தாளை நான்காக மடித்தார். தைத்து முடித்த பையில், போனுக்குப் பின்னால் செருகினார்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வழக்கமாகத் தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவர், அன்று மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

“தெரியும்டா, சேகர் சொல்லிட்டான்.”