அக்கா கம்பி விடாத ஒரே வண்டி

“...உன் வண்டின்னுதானே கம்பி வுடாம அனுப்பிச்சேன்? மூஞ்ச அந்தாண்ட திருப்பாத, இத்த பாரு” என்று அக்கா அந்த ஊறுகாய் பாட்டிலை என் மூக்கருகே தூக்கிக் காட்டினார். நான் கொட்டிய மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிய பாட்டில். அடியில் செங்கல் பொடியும் காரைத் துண்டும் படிந்திருந்தன. மேலே மூன்று தெர்மாகோல் மணிகள் வெள்ளை வெளேரென்று மிதந்தன.

சேரப்பணஞ்சேரி பக்கம் ஓடைக்குக் குறுக்கே சின்னதாக ஒரு மண் அணை கட்டியபோது நான் டிப்பர் லாரி ஓட்டினேன். அக்கா அங்கே மண் சோதிப்பவர். அணையின் நடுவே களிமண், அதுதான் தண்ணீரைத் தடுக்கும். இரண்டு பக்கமும் கிராவல், தண்ணீர் மோதும் பக்கம் கருங்கல். களிமண் லாரி வந்ததும் அக்கா டயரில் கால் வைத்து ஏறி, நீளக் கம்பியை லோடின் அடிவரை விட்டு, நுனியில் ஒட்டியதை உள்ளங்கையில் திரி போல உருட்டிப் பார்ப்பார். திரி அறுந்தால் லாரி திரும்ப வேண்டியதுதான். “நமக்குத்தான்பா ஷிப்ட்டு. தண்ணி லீவே போடாது, எந்நேரமும் ஓட்டை தேடிக்கினே இருக்கும்” என்பார். கரைக்குக் கீழே இருந்த காலனியில்தான் அவர் வீடு. அவருடைய அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படுத்துத் தூங்கினார்கள்.

என் வண்டிக்கு மட்டும் கம்பி கிடையாது. ஒருமுறை லோடில் மணல் கலந்திருந்ததை நானே சொல்லித் திருப்பிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து “தம்பி வண்டியா? போ போ” என்று கை காட்டிவிடுவார். “இன்னா தலைவரே, உனக்கு மட்டும் விஐபி பாஸா?” என்று மற்ற டிரைவர்கள் ஓட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

அதைக் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். களிமண் எடுக்கும் பள்ளம் தூரம். பக்கத்திலேயே ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையை இடித்த குப்பை மண் சும்மா கிடந்தது. அதை அடியில் போட்டு, மேலே பொக்லைனில் ஒரே ஒரு அள்ளு களிமண்ணைப் பரப்பச் சொன்னான். “மத்தவன் வண்டின்னா கம்பில மாட்டிக்கும். நீ போனா எவன் பாக்கப் போறான்?” என்று சிரித்தான். ஒருத்தியின் நம்பிக்கை எந்த இடத்தில் திறந்து கிடக்கிறது என்று மோப்பம் பிடித்தவனின் சிரிப்பு அது. சரி, நான் என்ன செய்தேன்? வண்டியைக் கிளப்பினேன். மூன்று லோடு. மூன்று முறையும் அக்கா கை காட்டினார். மூன்றாவது முறை, “சாப்ட்டியா தம்பி?” என்று வேறு கேட்டார். அந்தக் கேள்வி நினைவுக்கு வரும்போதெல்லாம் என்னையே அறையத் தோன்றுகிறது.

ரோலர் ஓடியபோது தெர்மாகோல் துகள் பறந்துவந்து புடவையில் ஒட்டியதால்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. அந்த மூன்று லோடையும் தோண்டி எடுக்க வைத்தார். அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு கம்பியும் இல்லை, திரியும் இல்லை. வந்த லோடெல்லாம் நல்ல லோடு.

இப்போது நான் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். தினமும் அந்த அணை ஓரமாகத்தான் போக வேண்டும். இந்த மழைக்குக் கரையின் பின்புறம் கசிகிறது. பார்க்க வந்த அதிகாரிகள் அது வெறும் ஊற்று என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். ஊற்றாம்! என் வாயில் வருவதை அச்சில் போட முடியாது. காலனி ஜனங்கள் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். அடுக்குகிறவர்களில் அக்காவும் ஒருவர். தலை நரைத்துவிட்டது. நான் பஸ்ஸை நிறுத்துவதில்லை. கசிகிற இடத்துக்கு நூறு அடி தள்ளி, கரை காய்ந்து கிடக்கிறது. என் மூன்று லோடையும் அக்கா தோண்டி எடுக்க வைத்த இடம் அது.

அன்று அக்கா பாட்டிலை நீட்டியபோது நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். ரோலர் திரும்பி வந்துகொண்டிருந்தது. “உன் வண்டின்னுதானே...” என்று அக்கா இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார். பிறகு பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அணையின் நடுவே களிமண் நிரப்பும் பள்ளத்தில் இறங்கினார். ரோலருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் கொட்டிய மண்ணை இரண்டு கையாலும் வாரி வெளியே எறிய ஆரம்பித்தார்.