நோட்டீசுக்கு ஒரு முகம்

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை அந்தத் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று சேதி வந்ததும் பெரியப்பா இரண்டு நாள் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் வெளுத்த வேட்டியோடு முதல் ஆளாகப் போய் நின்றதெல்லாம் வீணாகிவிட்டதே என்ற வருத்தம். மூன்றாம் நாள் மனசு தெளிந்து, பெரியம்மாவை நிறுத்துவதென்று முடிவு செய்தார். பெரியம்மாவிடம் கேட்டாரா என்றால், கேட்கவில்லை, சொன்னார்.

பெரியம்மா தலையாட்டினார். வீட்டில் எதற்குத்தான் அவர் தலையாட்டவில்லை! ஆனால் நோட்டீஸ் அடிக்கும் பேச்சு வந்தபோது, எல்லாருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நோட்டீசுல எம் படத்தப் போடுங்க" என்றார்.

பெரியப்பாவுக்குப் புரையேறிவிட்டது. எங்கள் பக்கம் அப்படி வழக்கம் கிடையாது. பெண் நின்றாலும், மீசையும் கும்பிட்ட கையுமாகப் புருஷன்தான் சுவரெல்லாம் சிரிப்பார். சம்சாரத்தின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருக்கும். பெரியப்பாவும் அப்படி ஒரு படத்தை எடுத்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"ஒன் மூஞ்சிய ஊருக்குள்ள யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"தெரியாதுன்னுதான போடச் சொல்றேன்" என்றார் பெரியம்மா.

அதுவும் நியாயம்தான். கல்யாண ஆல்பத்தில் பெரியம்மா குனிந்த தலை நிமிரவே இல்லை. நெற்றிச்சுட்டியும் வகிடும் மட்டும் தெரியும். வாக்காளர் அட்டையில் இருப்பது யாரென்று அவருக்கே சந்தேகம். கடைசியில் பெரியப்பா ஒரு வழிக்கு வந்தார். அருப்புக்கோட்டைக்குப் போய் ஸ்டுடியோவில் எடுத்துப் பார்ப்பது. நன்றாக வந்தால் பெரியம்மா படம். சரியில்லை என்றால் அன்றைக்கே அச்சாபீசில் பெரியப்பா படத்தைக் கொடுத்துவிடுவது. அதற்கு மேல் தள்ளிப்போட நாள் இல்லை.

அந்த வாரம் முழுக்கப் பெரியம்மா படம் எடுக்கப் பழகினார். பருத்திக்காட்டிலிருந்து வந்து கை கால் கழுவியதும் பீரோக் கண்ணாடி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பார்த்துச் சொல்ல நான். நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதுவரை அப்படி ஒரு பதவி யாரும் கொடுத்ததில்லை, நானும் சும்மா விடவில்லை. பல்லைக் காட்டினால் விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றேன். வாயை மூடினால் சித்திரகுப்தன் மாதிரி இருக்கிறது என்றேன். பட்டுச்சேலை வேண்டாம், கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும் என்று நீலச் சுங்குடிச் சேலையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். கும்பிட்ட கை மூக்கை மறைக்காமல் நெஞ்சுக்கு நேரே நிற்கவும் பழகிவிட்டார்.

"இந்த மூஞ்சியப் பாத்தா, குழாய்ல தண்ணி வரலன்னு வந்து சொல்லணும்னு தோணுதா தாயி?" என்று கேட்பார்.

தோணவில்லை என்று உதட்டைப் பிதுக்குவேன். கண்ணைக் கொஞ்சம் அகட்டி, தாடையை இறக்கி, இன்னொரு முகம் வைப்பார். ஒரு சாயங்காலம் நிஜமாகவே தோணிவிட்டது. "இதேதான் பெரியம்மா, இதேதான்!" என்று கத்தினேன். அந்த முகத்தை மறந்துவிடாமல் இருக்க அன்று அவர் யாரிடமும் சிரிக்கக்கூட இல்லை.

போகிற அன்று எனக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. காலை பஸ்ஸில் மூன்று பேரும் கிளம்பினோம். பெரியம்மாவுக்குத் துளிகூடப் பயம் இல்லை. பஸ் ஜன்னலில் தெரிந்த கருவேலங்காட்டுக்கெல்லாம் அந்த முகத்தைக் காட்டிக்கொண்டே வந்தார்.

ஸ்டுடியோ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்தது. உள் அறையில் நீலத் திரை, குடை விளக்குகள், நடுவில் ஒரே ஒரு ஸ்டூல். போட்டோக்காரர் சின்ன வயசுக்காரர். பெரியம்மா உட்கார்ந்த நிமிர்வைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க பழக்கப்பட்ட ஆளு போலருக்கே!" என்றார். பெரியம்மா கையைக் கூப்பினார். அந்த முகம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பளிச்!

சரியாக அந்த நேரம், டீ குடிக்கப் போயிருந்த பெரியப்பா கதவைத் தள்ளிக்கொண்டு, "முடிஞ்சதா?" என்று வந்தார். கம்ப்யூட்டரில் பார்த்தால் கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. கும்பிட்ட கையும் தாலியும் மட்டும் அம்சமாக விழுந்திருந்தன.

"எந்திரிக்காதீங்கக்கா" என்றார் போட்டோக்காரர்.

"எந்திரிச்சேனா?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார்.

எழுந்தது அவருக்கே தெரியவில்லை. எங்கள் வீட்டில் பெரியப்பா வந்தால் பெண்கள் எழுந்துவிடுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. செருப்புச் சத்தம் கேட்டதும் காய் நறுக்குகிற அம்மா எழுவாள், டிவி பார்க்கிற நான் எழுவேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பெரியம்மா எழுந்துவிடுவார்.

பெரியப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி எடுத்தார்கள். வெளியே அவர் செருமினார். பெரியம்மா பாதி எழுந்துவிட்டார். படத்தில் தலை கலங்கலாக இழுத்துக்கொண்டு போனது. நின்றே எடுக்கலாம் என்றால் பெரியம்மா நல்ல உயரம், தலை திரையைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு தடவை உட்கார்ந்தார். "பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று பெரியப்பா எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், பெரியம்மா எழுந்துவிட்டார்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, பாவம், தன் பெண்டாட்டி இப்படித்தான் இருப்பாள் என்று தெரிந்துவைத்திருக்கிறவரின் சிரிப்பு. "நாந்தான் அப்பவே சொன்னேன்ல, இவளுக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று சட்டைப் பையிலிருந்து தன் படத்தை வெளியே எடுத்து, அச்சாபீஸ் எத்தனை மணி வரை இருக்கும் என்று போட்டோக்காரரிடம் கேட்டார்.

பெரியம்மாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரப் பாடு!

"இன்னும் ஒருக்க எடுங்க தம்பி. அதோட விட்ருவோம்" என்றார் பெரியம்மா. தண்ணீர் வாங்கிக் குடித்தார். முகத்தைத் துடைத்து, பொட்டைச் சரிசெய்துகொண்டார். பெரியப்பா வராந்தாவுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டு, "கதவுகிட்ட நில்லு. பெரியப்பா வந்தா சத்தமாச் சொல்லு, என்ன?" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. திடீரென்று வருவதால்தானே குளறுபடி? முன்னாலேயே தெரிந்தால் பாங்காக எழுந்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். என்ன மூளை பெரியம்மாவுக்கு! கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா வந்தார். "பெரியம்மா! பெரியப்பா வந்துட்டாக!" என்று கட்டடமே அதிரக் கத்தினேன்.

பெரியம்மாவின் ஒரு கை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தது. முழங்கால் அசைந்தது. கதவு திறந்து பெரியப்பா உள்ளே வந்து நின்றுவிட்டார். பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. கை மெதுவாக ஸ்டூலை விட்டு மேலே வந்து இன்னொரு கையோடு சேர்ந்தது. கேமராவைப் பார்த்தார். பளிச்!

படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. பெரியப்பா கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். யார் இது என்று யோசிக்கிறவர் போல இருந்தார். பிறகு தன் படத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இதவே குடுத்துருவோம்" என்றார். பெரியம்மா அதற்குப் பிறகும் ஸ்டூலை விட்டு எழவில்லை, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஒரே கவலை. வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, பெரியம்மாவுக்குக் காது மந்தமாயிருச்சு. நான் அவ்வளவு கத்தியும் கேக்கல. பெரியப்பா நிக்காக, அவுக பாட்டுக்கு உக்காந்திருக்காக!"

தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"பெரியப்பா பாத்தாகளா?"

"பாத்தாக."

"என்ன சொன்னாக?"

"இந்தப் படத்தையே குடுத்துருவோம்னாக."

அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். சிரிக்கவே இடமில்லாத இடத்தில் சிரித்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பெரியம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போய் நல்ல காது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டதை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை.